ஆக்டேவியா 1.8 டர்போ: இஞ்செக்டர் மாற்றினோம், பசி தீரவில்லை

வண்டி 2006 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ். 1781 சிசி, நான்கு சிலிண்டர், சிலிண்டருக்கு ஐந்து வால்வு, பக்கத்தில் ஒரு சின்ன டர்போ. வெளிநாட்டில் இதே பெயரில் 180 குதிரைத்திறனோடு விற்றார்கள். நமக்கு வந்தது 150. ஆனால் அந்த இன்ஜினில் கூடுதலாக எடுக்க நிறைய இடம் இருந்தது, அதனால்தான் இத்தனை வருடம் கழித்தும் கோயம்புத்தூர்ப் பக்கம் இதைத் தேடிப் பிடித்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன், மூன்றாவது ஓனராக.

என் கைக்கு வந்த பிறகு பெரிய இன்டர்கூலர், அகலமான எக்ஸாஸ்ட், மேப் மாற்றம் (இன்ஜினின் கம்ப்யூட்டரான இசியுவில் உள்ள பெட்ரோல், டைமிங் அட்டவணைகள்தான் மேப்). பூஸ்ட், அதாவது டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம், 3500 ஆர்பிஎம்மில் 1.1 பார் வரை ஏறி, 6300-க்குப் போகும்போது 0.8-க்கு இறங்கும். சின்ன டர்போவுக்கு அதற்கு மேல் மூச்சு கிடையாது. காற்று சென்சார் மேலே 160 கிராம் வரை காட்டும். வினாடிக்கு 160 கிராம் காற்று என்றால் தோராயமாக 195, 200 குதிரைத்திறன். இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை.

தொந்தரவு வந்தது செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில், ஒரு டிராக் டே அன்று. காலையில் நன்றாக ஓடிய வண்டி, பதினோரு மணி வெயிலில் ஸ்ட்ரெயிட்டில் நான்காவது கியரில் 5800-ஐத் தாண்டியதும் யாரோ பின்னால் பிடித்து இழுக்கிற மாதிரி அடைத்தது. மிஸ்ஸிங் இல்லை, சத்தம் இல்லை, பிக்கப் மட்டும் செத்துப் போகும். வைட்பேண்ட் கேஜில் லாம்டா 0.93. அந்த இடத்தில் 0.82 இருக்க வேண்டும். லாம்டா 1 என்பது காற்றுக்குச் சரியான அளவு பெட்ரோல், அதற்குக் கீழே போகப் போக பெட்ரோல் அதிகம். டர்போ வண்டி முழு லோடில் ஓடும்போது அந்தக் கூடுதல் பெட்ரோல்தான் சிலிண்டரைக் குளிர வைக்கிறது. 0.93 என்றால் நாக்கிங், அதாவது பெட்ரோல் நேரம் தப்பித் தானாக வெடிப்பது, எந்த நிமிடமும் வரலாம். ஸ்கேனரில் 20-வது பிளாக்கைத் திறந்து பார்த்தால் இரண்டு சிலிண்டரில் இசியு ஏற்கெனவே ஸ்பார்க் டைமிங்கை 6 டிகிரி பின்னே இழுத்திருந்தது. அன்றைக்கு அதோடு ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டேன்.

மறுநாள் ஒர்க்‌ஷாப்பில் எல்லாரும் ஒரே தீர்ப்பு.

“டாப்புல பெட்ரோல் பத்தல தம்பி. இஞ்செக்டரு கை விரிச்சிருச்சு,” என்றார் மெக்கானிக் அண்ணன்.

இஞ்செக்டர் என்பது பெட்ரோலைப் பீய்ச்சும் ஊசி வால்வு. லாக்கும் (ஓடும்போது பதிவான எண்கள்) அதையே சொல்வது போலத்தான் இருந்தது. நான்கு ஸ்ட்ரோக் இன்ஜினில் கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால் ஒரு சுழற்சி முடியும். 6300 ஆர்பிஎம்மில் அந்த இரண்டு சுற்றுக்கு ஆகும் நேரம் 19.05 மில்லி செகண்ட். லாக்கில் இஞ்செக்டர் திறந்திருந்த நேரம் 18.2 மில்லி செகண்ட். அதாவது 95 சதவீதத்துக்கும் மேல் திறந்தே கிடக்கிறது. 85-ஐத் தாண்டவே யோசிக்க வேண்டும். 95-ல் ஊசி முழுசாக மூடி மறுபடி திறக்கவே நேரம் போதாது, சொன்ன அளவுக்கும் விழும் அளவுக்கும் உறவு விட்டுப்போகும்.

இரண்டு வருடம் ஓடியது இப்போது மட்டும் ஏன் பத்தவில்லை? பங்கில் ஊற்றும் பெட்ரோல் மாறிவிட்டது. 2022-ல் 10 சதவீத எத்தனால் கலப்பு (இ10) எட்டியாயிற்று. 2023 பிப்ரவரியில் சில பங்குகளில் மட்டும் தொடங்கிய 20 சதவீதக் கலப்பான இ20, 2025-ல் நாம் சாதாரணமாக ஊற்றும் பெட்ரோலாகவே ஆகிவிட்டது. சுத்த பெட்ரோல் ஒரு கிராமுக்கு 14.7 கிராம் காற்று வேண்டும். இ10-க்கு 14.1. இ20-க்கு ஏறக்குறைய 13.5. அப்படியானால் அதே காற்றுக்கு, இ10-ஐவிட 4 சதவீதத்துக்கு மேல் கூடுதல் எரிபொருள் போக வேண்டும். சாதாரண வண்டிக்கு இது மைலேஜில் மட்டும் தெரியும். என் வண்டி மாதிரி இஞ்செக்டரைக் கழுத்துவரை ஓட்டுகிறவனுக்கு அந்த 4 சதவீதம் எங்கிருந்து வரும்? நேரத்திலிருந்துதான் வர வேண்டும். நேரம் தீர்ந்துவிட்டது.

கதை அழகாகப் பொருந்தியது. பொருந்தியதாலேயே நான் ஒரு கணக்கைப் போடாமல் விட்டேன். அது பின்னால் வரும்.

எவ்வளவு பெரிது?

அடுத்த வருடம் கொஞ்சம் பெரிய டர்போ போடும் எண்ணம் உண்டு, இலக்கு 230 குதிரைத்திறன். டர்போ பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 270 கிராம் பெட்ரோல் என்று வைத்துக்கொள்ளலாம். மொத்தம் 62 கிலோ, நிமிடத்துக்கு 1035 கிராம், நாலில் ஒரு பங்கு 259. சுத்த பெட்ரோலைவிட இ20-க்குக் கூடுதலாக வேண்டிய 9 சதவீதத்தைச் சேர்த்தால் 282 கிராம், கன அளவில் 376 சிசி. இஞ்செக்டர் 80 சதவீதத்துக்கு மேல் திறக்கக் கூடாது என்று வைத்தால் 470 சிசி இஞ்செக்டர் வேண்டும். கம்பெனி போட்டு அனுப்பியது 3 பார் அழுத்தத்தில் 315.

இங்கே ஒரு குறுக்கு வழி உண்டு. பெட்ரோல் அழுத்தத்தை நிலையாக வைக்கும் 3 பார் ரெகுலேட்டரைக் கழற்றி 4 பார் ரெகுலேட்டர் மாட்டினால் அதே இஞ்செக்டர் 15 சதவீதம் கூடுதலாகத் தரும். பாய்வு அழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது, நாலை மூன்றால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.155. 315 என்பது 364 ஆகும். பல பேர் செய்கிறார்கள், ஓடவும் செய்கிறது. நான் வேண்டாம் என்றேன். அழுத்தம் ஏறினால் பம்ப் தரும் அளவு குறையும், இருபது வயதை நெருங்கும் பம்ப்பை இன்னும் முக்க வைக்க மனசில்லை. பம்ப்பைப் பற்றி அப்போது நான் யோசித்தது அவ்வளவுதான் என்பதை நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது.

630 சிசி வாங்கலாம் என்று மேப் எழுதும் தம்பி சொன்னான். பெரியதாக இருந்தால் நாளைக்கு உதவும் என்பது அவன் வாதம். இஞ்செக்டர் விஷயத்தில் பெரியது எப்போதும் நல்லது இல்லை, ஐட்லிங்கில் அது பழி வாங்கும். 550 சிசி, பாஷ் இவி14 வகை என்று முடிவானது. 12 ஓம் சுருள், அதனால் வண்டியின் இசியு நேரடியாக ஓட்டும். பழைய ஜப்பான் டர்போ வண்டிகள் சிலவற்றில் வருகிற 2, 3 ஓம் வகையாக இருந்தால் வரிசையில் ரெசிஸ்டர் பெட்டி இல்லாமல் இசியு எரிந்துபோகும். உயரம் பழையதோடு பொருந்தும் வகையாகவும், பெட்ரோலைக் கூம்பாகப் பரப்பும் வகையாகவும் பார்த்து வாங்கினேன். இந்த இன்ஜினில் காற்று உள்ளே போக மட்டும் மூன்று வால்வு, ஒரே கோடாகப் பீய்ச்சும் இஞ்செக்டர் நடு வால்வை மட்டும் குளிப்பாட்டிவிடும். ஒயர் சொருகும் பிளக் மட்டும் வேறு, அதற்கு நாலு அடாப்டர்.

டெஸ்ட் பெஞ்ச்

புது இஞ்செக்டரை எதற்கு டெஸ்ட் செய்ய வேண்டும் என்று கேட்பவர்களுக்காக இந்தப் பகுதி.

ஆன்லைனில் ஒரு விற்பனையாளரிடம் வாங்கியது முதல் செட். டப்பா, ஸ்டிக்கர், எண் எல்லாம் அச்சு அசல். காந்திபுரத்தில் ஒரு கடையில் இஞ்செக்டர் கிளீன் செய்யும் மிஷின் இருக்கிறது, நாலு கண்ணாடிக் குழாய் நிற்க வைத்து, மேலே நாலு இஞ்செக்டரையும் பூட்டி, டெஸ்ட் ஆயிலை 3 பாரில் விடுவார்கள். முதலில் 30 வினாடி முழுசாகத் திறந்து வைத்தார். 274, 276, 271, 275 மில்லி. 550-ல் பாதி 275. அடேங்கப்பா என்றேன். கடைக்காரர் எதுவும் பேசாமல் மிஷினில் எண்ணை மாற்றினார்: 2 மில்லி செகண்ட் திறப்பு, ஆயிரம் தடவை. டக்-டக்-டக் என்று தையல் மிஷின் மாதிரி ஒரு சத்தம். முடிந்ததும் நாலு குழாயையும் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டினார். 9.7, 9.5, 7.6, 9.8.

மூன்றாவது குழாயில் மட்டும் மட்டம் ஒரு விரல் கீழே. முழுசாகத் திறந்தால் சமம், சின்னதாகத் திறந்தால் 20 சதவீதம் குறைவு. அந்த ஊசி தூங்கி எழுந்திருக்கிறது. இதை மாட்டியிருந்தால் டாப்பில் எல்லாம் சரியாக ஓடி, சிக்னலில் நிற்கும்போது மூன்றாவது சிலிண்டர் மட்டும் மிஸ்ஸாகியிருக்கும், நானும் ஸ்பார்க் பிளக், காயில் என்று மாதக் கணக்கில் மாற்றிக்கொண்டிருந்திருப்பேன். பெட்டியைத் திருப்பி அனுப்பிவிட்டேன், பணம் வர மூன்று வாரம் ஆனது. இரண்டாவது செட் வேறு இடத்தில், கூடுதல் விலைக்கு. நான்கும் 2 சதவீதத்துக்குள். அதோடு இந்த முறை ஒரு தாளும் வந்தது: எந்த வோல்ட்டேஜில் ஊசி திறக்க எவ்வளவு தாமதம் ஆகிறது என்ற அட்டவணை. இஞ்செக்டர் வாங்கும்போது என்னைப் பொறுத்தவரை பொருளைவிட அந்தத் தாள்தான் முக்கியம். தாள் இல்லாத இஞ்செக்டரை இனி இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன்.

மாட்டியது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பம்ப் ஃபியூஸைப் பிடுங்கி, இன்ஜினை அது தானாக அணையும்வரை ஓடவிட்டு அழுத்தத்தை இறக்கினோம். பேட்டரி எர்த்தைக் கழற்றினோம். புது ஓ-ரிங்குக்கு ஒரு சொட்டு இன்ஜின் ஆயில் தடவி, முறுக்காமல் நேராக அழுத்தி உட்கார வைத்தோம். இ20-க்குத் தாங்கும் புது ஹோஸ். ஸ்டார்ட் செய்வதற்கு முன் சாவியை மூன்று தடவை ஆன் செய்து ஆஃப் செய்து, டார்ச் அடித்து ஒவ்வொரு ஓ-ரிங்கையும் பார்த்தோம். தீயணைப்பு சிலிண்டர் கைக்கு எட்டும் இடத்தில். இதில் அவசரம் காட்டிய ஒரு வண்டி எரிந்ததை நேரில் பார்த்திருக்கிறேன்.

ஏசி போட்டால் அணைகிறது

தம்பி மேப்பில் இஞ்செக்டர் மாறிலியை (இவ்வளவு பெட்ரோலுக்கு எவ்வளவு நேரம் திறக்க வேண்டும் என்ற எண்) 0.573-ஆல் பெருக்கினான். 315-ஐ 550-ஆல் வகுத்தால் வருவது. வண்டி முதல் சாவியிலேயே பிடித்துக்கொண்டது. ஆனால் ஐட்லிங் 700-க்கும் 950-க்கும் இடையே ஊஞ்சல் ஆடியது. ஏசி போட்டதும் தடுமாறியது. ஹெட்லைட்டையும் போட்டோம், அணைந்துவிட்டது.

“ஆனா ரோட்டுல சூப்பரா போவுதுங்கண்ணா,” என்றான் தம்பி. உண்மைதான். ஓடும்போது குறையே இல்லை.

ஸ்கேனரில் 32-வது பிளாக் பார்த்தோம். இசியு தானாகக் கற்றுக்கொண்ட திருத்தங்கள் அங்கே இரண்டாக இருக்கும். ஒன்று ஐட்லிங்கில் கூட்டுவது, இன்னொன்று ஓட்டத்தில் பெருக்குவது. பெருக்கும் திருத்தம் 3 சதவீதத்தில் அமைதியாக நின்றது. கூட்டும் திருத்தம் மேல் எல்லையில் போய் முட்டிக்கொண்டு நின்றது. இந்த இரண்டும் பிரிந்து நிற்பதே பாதி நோயைச் சொல்லிவிடும். மாறிலி தப்பாக இருந்தால் எல்லா இடத்திலும் ஒரே சதவீதம் தப்பும். ஐட்லிங்கில் மட்டும் பெரிதாகத் தப்பினால், ஒவ்வொரு திறப்பிலும் ஒரு நிலையான அளவு காணாமல் போகிறது என்று அர்த்தம்.

காணாமல் போனது 0.3 மில்லி செகண்ட். சுருளுக்கு மின்சாரம் வந்ததும் ஊசி உடனே தூக்காது. பழைய இஞ்செக்டருக்கு அந்தத் தாமதம் 13.5 வோல்ட்டில் 0.65 மில்லி செகண்ட், மேப்பில் அந்தப் பழைய அட்டவணை அப்படியே கிடந்தது. புதியதன் தாளில் 0.95. முழு லோடில் ஊசி 10 மில்லி செகண்ட் திறந்திருக்கும், அதில் 0.3 போனால் 3 சதவீதம், யாருக்கும் தெரியாது. ஐட்லிங்கில்? 315 சிசிக்குப் பழைய நாளில் 2.1 மில்லி செகண்ட் தேவைப்பட்டது. 550 சிசிக்கு 1.2 போதும். 1.2-ல் 0.3 போனால் நாலில் ஒரு பங்கு பெட்ரோல் இல்லை. ஏசியும் லைட்டும் போட்டு வோல்ட்டேஜ் 12.8-க்கு இறங்கினால் தாமதம் இன்னும் கூடும், இன்னும் குறையும், அணையும். 630 வாங்கியிருந்தால் இது இன்னும் மோசமாகியிருக்கும். தம்பியிடம் அதைச் சொல்லிக் காட்டினேன், வயசுக்கு மூத்தவனுக்கு அந்த உரிமை உண்டு.

தாளில் இருந்த எண்களை வோல்ட்டேஜ் வாரியாக அட்டவணையில் எழுதினான். கற்றதையெல்லாம் அழித்துவிட்டு ஸ்டார்ட் செய்தோம். 800-ல் நின்றது. ஏசி, லைட், பின் கண்ணாடி ஹீட்டர் எல்லாம் போட்டும் அசையவில்லை.

0.93

ஐட்லிங் சரியான சந்தோஷத்தில், வண்டியை உருளைமேல் ஓட்டித் திறனை அளக்கும் டைனோவுக்குப் போனோம். மூன்றாவது ரன்னில் கிராஃபைப் பார்த்துக்கொண்டு மூவரும் பேசாமல் நின்றோம்.

இஞ்செக்டர் திறப்பு 57 சதவீதம். நிம்மதி. 6300-ல் லாம்டா 0.93. அதே 0.93.

தம்பி யோசிக்கவே இல்லை, மேல் ஆர்பிஎம்மில் 12 சதவீதம் கூட்டி எழுதினான். இப்போதுதான் கையில் இடம் இருக்கிறதே. அடுத்த ரன்னில் 0.89. “இன்னொரு பத்து போட்டா சரியாயிடுங்கண்ணா.” மடிக்கணினியில் எண்ணைத் தட்டியும்விட்டான்.

அங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. 0.93-லிருந்து 0.89 என்றால் கூடியது நாலரை சதவீதம் பெட்ரோல். நாம் திறந்தது 12 சதவீதம். திறப்பு 57-ல் இருக்கும் இஞ்செக்டர், சொன்னதைச் செய்யும் நிலையில் இருக்கும் இஞ்செக்டர், 12 கேட்டால் 12 தர வேண்டும். குழாயை இன்னும் கொஞ்சம் திறந்தும் வாளி நிறையவில்லை என்றால் குழாயிலா கோளாறு? தொட்டியிலிருந்து வரவில்லை.

அப்புறம்தான் பழைய நோட்டைப் புரட்டினேன், போடாமல் விட்ட கணக்கைப் போட்டேன். 160 கிராம் காற்று, இ20, லாம்டா 0.82. வினாடிக்கு 14.5 கிராம் எரிபொருள் வேண்டும், ஒரு இஞ்செக்டருக்கு நிமிடத்துக்கு 289 சிசி. 315 சிசி இஞ்செக்டர் அதைத் தர எவ்வளவு நேரம் திறக்க வேண்டும்? 17.5 மில்லி செகண்ட், தாமதத்தோடு 18.15. கரி டிராக்கில் லாக் காட்டியது 18.2. அதாவது பழைய இஞ்செக்டர் எல்லையை ஒட்டி ஓடினாலும், தர வேண்டிய நேரம் முழுக்கத் திறந்துதான் இருந்தது. அழுத்தம் சரியாக இருந்திருந்தால் லாம்டா 0.82-ஐ ஒட்டித்தான் வந்திருக்க வேண்டும். வந்தது 0.93. 12 சதவீதம் அன்றைக்கே காணோம். அந்த மூன்று எண்களும் ஒரே பக்கத்தில், என் கையெழுத்தில், ஒன்றுக்கொன்று பேசாமல் கிடந்தன.

12 சதவீதம் பாய்வு குறைய அழுத்தம் 23 சதவீதம் குறைய வேண்டும். 3 பார் இருக்க வேண்டிய இடத்தில் 2.3. இதை ஊகிக்கத் தேவையில்லை, கேஜ் மாட்டினால் தெரியும். இஞ்செக்டர்களுக்குப் பெட்ரோல் தரும் குழாயான ரெயிலில் ஒரு ‘டி’ இணைப்பு போட்டு பிரஷர் கேஜ் மாட்டினோம், பானெட் திறந்தபடி டைனோவில் ஓட்டினோம். இந்த வண்டியில் ரெகுலேட்டருக்கு இன்டேக்கிலிருந்து ஒரு ஹோஸ் போகும். பூஸ்ட் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு ரெயில் அழுத்தமும் ஏறி, இஞ்செக்டரின் இரண்டு முனைக்கும் இடையே எப்போதும் 3 பார் வித்தியாசம் நிற்க வேண்டும். 0.8 பார் பூஸ்ட்டில் கேஜ் 3.8 காட்ட வேண்டும். 3500-ல் சரியாக ஏறியது. 5500-ஐத் தாண்டியதும் முள் மெல்ல இறங்கத் தொடங்கியது. 6300-ல் 12 சதவீதம் கூட்டாத மேப்பில் 3.1. கூட்டிய மேப்பில் இன்னும் கீழே.

“பம்ப்பு போச்சு,” என்றார் மெக்கானிக் அண்ணன். ஃபில்டர் போன மாதம்தான் மாற்றியது, அதனால் அவர் நேராகப் பம்ப்புக்குப் போய்விட்டார். ஒரு தடவை அவசரப்பட்டு வாங்கியது போதும் என்று பின் சீட்டைத் தூக்கினோம், பம்ப் அதற்குக் கீழேதான். மூடியைத் திறந்து பம்ப் பிளக்கில் மல்டிமீட்டர் ஊசியைச் சொருகி, வண்டியை டைனோவில் லோடில் ஓட்டினோம். பேட்டரியில் 13.9 வோல்ட். பம்ப்பில் 11.1.

2.8 வோல்ட் வழியில் செத்துப்போகிறது. பாசிட்டிவ் பக்கம் தனியாக அளந்தால் 2.1, எர்த் பக்கம் 0.7. பிளக்கைக் கழற்றியதும் காரணம் கண்ணுக்கே தெரிந்தது. நாலு பின்னில் ஒன்று காபிக் கொட்டை நிறத்தில் இருந்தது, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் உருகி வளைந்திருந்தது. விரலால் தொட்டால் கரித்தூள் ஒட்டியது. டாஷ்போர்டுக்குக் கீழே இருக்கும் ரிலேயின் உள்ளேயும் தொடுமுனை கறுத்திருந்தது. 11 வோல்ட்டில் ஒரு பம்ப் சும்மா சுற்றும்போது சத்தம்கூட மாறாது. அழுத்தமும் அளவும் ஒரே நேரத்தில் கேட்கும் அந்தக் கடைசி 800 ஆர்பிஎம்மில்தான் கை விரிக்கும். டிராக்கில் காலையில் ஓடிப் பதினோரு மணிக்கு அடைத்ததும் இதனால்தான்: சூடு ஏற ஏற அந்தப் பின்னின் மின்தடையும் ஏறுகிறது.

சரி, வேலை எளிது. பேட்டரியிலிருந்து பின் சீட்டு வரை 4 ஸ்கொயர் எம்எம் ஒயர், பேட்டரிக்குப் பக்கத்திலேயே 20 ஆம்பியர் ஃபியூஸ், சீட்டுக்குக் கீழே புது ரிலே, பாடிக்குப் பெயின்ட் சுரண்டிப் புது எர்த், புது பிளக். ரிலேயை இழுக்கும் சிக்னலுக்குப் பழைய பம்ப் ஒயரையே வைத்தோம். சில பேர் டாஷ்போர்டில் ஒரு சுவிட்ச் வைத்து ஓட்டுகிறார்கள், அது எனக்குச் சரியாகப் படவில்லை. மோதி இன்ஜின் நின்றால் பம்ப்பும் தானாக நிற்க வேண்டும், அதைச் செய்வது இசியு, அந்தச் சங்கிலியை அறுக்கக் கூடாது.

பம்ப்பில் இப்போது 13.3 வோல்ட். டைனோவில் ஏற்றிய முதல் ரன்னில் எக்ஸாஸ்ட் கறுப்பாகப் புகைந்தது, லாம்டா 0.73. பயந்தே போனோம். பிறகுதான் ஞாபகம் வந்தது, தம்பி கூட்டிய 12 சதவீதம் மேப்பிலேயே இருந்தது. அதை எடுத்ததும் 0.82, 3000-லிருந்து 6500 வரை கோடு போட்ட மாதிரி. ரெயில் கேஜ் 6300-ல் 3.8. டைமிங் பின்வாங்கல் எந்தச் சிலிண்டரிலும் 2 டிகிரியைத் தாண்டவில்லை.

இஞ்செக்டர், அடாப்டர், கொரியர் எல்லாம் சேர்த்து 31,000 ரூபாய். ஒயர், ரிலே, ஃபியூஸ், பிளக் 900. இதைச் சொன்னால் “அப்ப இஞ்செக்டர் வேஸ்ட்டுதானே” என்று கேட்கிறார்கள். அப்படிச் சொல்ல மாட்டேன். ஒயரை முதலில் சரி செய்திருந்தால் டாப்பில் லாம்டா சரியாகியிருக்கும், ஆனால் திறப்பு 95-லேயே நின்றிருக்கும். ஒரு குளிர்ந்த டிசம்பர் காலையில் காற்று அடர்த்தி கொஞ்சம் கூடினால் மறுபடி இதே கதை. பெரிய டர்போவுக்கு எப்படியும் வேண்டும். வரிசைதான் தப்பு. கேஜையும் மல்டிமீட்டரையும் முதல் நாளே எடுத்திருந்தால் இரண்டு மாதமும், தம்பியோடு ஒரு சின்ன மனஸ்தாபமும் மிச்சமாகியிருக்கும். 230-க்குப் போகும்போது பம்ப்பையும் மாற்றித்தான் ஆக வேண்டும், மணிக்கு 90 லிட்டருக்கு மேல், அதுவும் 4 பார் தாண்டிய அழுத்தத்தில், இந்தக் கிழட்டுப் பம்ப்பிடம் கேட்க முடியாது.

இப்போது ஐந்தாயிரம் கிலோமீட்டர் ஓடிவிட்டது. 32-வது பிளாக்கில் கூட்டும் திருத்தம் பூஜ்யத்தை ஒட்டி, பெருக்கும் திருத்தம் 2 சதவீதம். ஊட்டியில் ஒரு ராத்திரி வெளியே நிறுத்திவிட்டுக் காலையில் ஸ்டார்ட் செய்தபோது மட்டும் இரண்டு தடவை சாவி திருப்ப வேண்டியிருந்தது, குளிர் ஸ்டார்ட் அட்டவணையில் இன்னும் வேலை பாக்கி.

பழைய 315 சிசி நான்கையும் சும்மா ஒரு ஆசைக்கு அதே காந்திபுரம் கடையில் பெஞ்சில் போட்டுப் பார்த்தோம். 30 வினாடியில் 156, 158, 157, 157. கடைக்காரர் மிஷினை நிறுத்திவிட்டு, “இதை எதுக்குங்க கழட்டுனீங்க?” என்றார். ஈரோட்டுக்காரர் ஒருவர் தன் ஆக்டேவியாவுக்கு வேண்டும் என்று போன வாரம் வாங்கிப் போயிருக்கிறார். பின் சீட்டைத் தூக்கிப் பிளக்கை ஒரு தடவை பார்த்துவிடுங்கள் என்று சொல்லித்தான் கொடுத்தேன்.